கிறிஸ்துமஸ் மரம் எந்த ஊர் மரம்?

1752 டிசம்பர் 24ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள குவெயின்டன் என்ற சிற்றூரில் இரண்டாயிரம் பேருக்கு மேல் லாந்தரும் மெழுகுவத்தியுமாக ஒரு முள்மரத்தைச் சுற்றி நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டு, 11 நாட்களை ஒரேயடியாக வெட்டியிருந்தது. அரசு சொல்லும் டிசம்பர் 25தான் உண்மையான கிறிஸ்துமஸா என்று ஊராருக்குச் சந்தேகம். அங்கே நின்ற மரம் புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி முள்மரத்தின் வாரிசு என்று நம்பப்பட்டது. கிறிஸ்துமஸ் அன்று தவறாமல் பூக்கும் என்று அதற்குப் பேர். அன்றிரவு பூக்கவில்லை. மரம் பொய் சொல்லாது, அரசுதான் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று முடிவு கட்டிய மக்கள் மறுநாள் கோயிலுக்குப் போக மறுத்துவிட்டார்கள். பழைய கணக்குப்படி வரும் கிறிஸ்துமஸையும் முன்போலவே ஆசரிக்கலாம் என்று அக்கம்பக்கத்துப் போதகர்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஹாதார்ன் என்னும் ஐரோப்பிய முள்மரத்தில் ஆண்டுக்கு இருமுறை பூக்கும் வகை ஒன்று உண்டு. மே மாதத்தில் ஒரு பூப்பு, குளிர்காலத்தில் இன்னொன்று. குளிர்காலப் பூ அந்தந்த ஆண்டின் வெயிலையும் பனியையும் பொறுத்து முன்னே பின்னே வரும். இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு இங்கிலாந்துக்கு வந்து தன் கைத்தடியை ஊன்ற, அது தழைத்து முள்மரமானது என்ற கதை இந்த இயல்பின்மேல் வெகு பிற்காலத்தில் ஏறிக்கொண்டது. குவெயின்டன் கூட்டத்தை நாம் கேலி செய்யலாம். ஆனால் அவர்கள் செய்த காரியம், செடியையும் தேதியையும் பொருத்திப் பார்ப்பது, கிறிஸ்துமஸ் தாவரங்களின் வரலாறு முழுவதிலும் நடந்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் எது பச்சையாகவோ சிவப்பாகவோ கண்ணில் பட்டதோ அது வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பொருத்தமான புனிதக் கதை பின்னால் வந்து சேர்ந்தது. வியாபாரம் பெருகிய பிறகு போக்கு தலைகீழானது. தேதிக்கு ஏற்பச் செடியை வளைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

முதலில் ஒரு முரண். இயேசு பிறப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதிகளில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் தாவரப் பொருட்கள் இரண்டே இரண்டு: தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும். கீழ்த்திசை ஞானிகள் பொன்னோடு கொண்டுவந்தவை. இரண்டும் மரத்தைக் கீறி வடியவிட்டு எடுக்கும் பிசின்கள். தூபவர்க்கம் போஸ்வெல்லியா இன மரங்களிலிருந்து வருகிறது. ஓமானின் தோஃபார் பகுதி, ஏமன், சோமாலியா, எத்தியோப்பியா ஆகியவை அதன் தாயகம். வெள்ளைப்போளம் கொம்மிஃபோரா என்னும் முள்மரத்துப் பிசின், அதே வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. பெத்லகேமில் இரண்டும் வளர்வதில்லை, அன்றும் ஒட்டகத்தில் ஏறி வந்த சரக்குதான். இன்று உலகெங்கும் தேவாலயங்களில் புகையும் தூபத்தில் பெரும்பங்கைத் தருவது எத்தியோப்பியா, சூடான் பக்கத்துப் போஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா. அளவுக்கு மீறிக் கீறுவதாலும், கால்நடை கன்றுகளை மேய்ந்துவிடுவதாலும், காட்டுத்தீயாலும், துளைக்கும் வண்டுகளாலும் அந்தக் காடுகள் முதிர்ந்த மரங்களோடு நின்றுபோய்விட்டன, இளங்கன்று எழுவதில்லை. வேதத்தில் இடம்பெற்ற மரம் நலிந்துகொண்டிருக்க, வேதத்தில் இல்லாத மரங்கள் கோடிக்கணக்கில் வளர்க்கப்படுகின்றன. வாழ்த்து அட்டையில்கூட போஸ்வெல்லியாவைப் பார்க்க முடியாது. இலையுதிர்த்து, முறுக்கிக்கொண்டு, பாறையில் நிற்கும் அந்த மரம் பார்வைக்கு அழகில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஃபர் மரத்தின் பூர்வீகம்

கிறிஸ்துமஸ் மரம் எங்கே தொடங்கியது என்ற கேள்விக்கு மூன்று வகைப் பதில்கள் புழங்குகின்றன. ஒன்று, அது பழைய ஜெர்மானியர்களின் மர வழிபாட்டின் எச்சம் என்பது. இரண்டாவது, மார்ட்டின் லூதர் ஒரு குளிர்கால இரவில் மரக்கிளைகளுக்கிடையே விண்மீன்களைக் கண்டு, வீட்டுக்குள் ஒரு மரத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றினார் என்பது. மூன்றாவது, அது இடைக்கால நாடக மேடையிலிருந்து வந்தது என்பது.

லூதர் கதையை எளிதில் ஒதுக்கிவிடலாம். அவர் காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அதைப் பரப்பின. மர வழிபாட்டுக் கதைக்கு வழக்கமாகச் சாட்சியாக நிற்பவர் புனித போனிஃபேஸ். 8ஆம் நூற்றாண்டில் கைஸ்மாரில் தோனார் தெய்வத்துக்குரிய ஓக் மரத்தை அவர் வெட்டினார் என்பது உண்மையான பதிவு. வெட்டிய மரத்தின் பலகையால் சிற்றாலயம் கட்டினார் என்பதோடு அவருடைய வரலாற்றை எழுதிய வில்லிபால்டு நிறுத்திக்கொள்கிறார். ஓக்கின் வேரடியில் ஒரு சிறு ஃபர் மரம் முளைத்தது என்பது பல நூற்றாண்டு கழித்துச் சேர்த்த ஒட்டு.

நாடகக் கதைக்குத்தான் வலு அதிகம். டிசம்பர் 24ஐ ஆதாம், ஏவாள் நினைவுநாளாக இடைக்கால ஐரோப்பியர் கொண்டாடினார்கள். அன்று ஏதேன் தோட்டத்து நாடகம் போடுவார்கள். மேடைக்கு ஒரு மரம் வேண்டும், அதில் ஆப்பிள் தொங்க வேண்டும். டிசம்பரில் ஆப்பிள் மரம் மொட்டையாக நிற்கும். எனவே பச்சை மாறாத ஃபர் மரத்தில் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்று மரத்தில் தொங்கும் சிவப்புக் கண்ணாடி உருண்டை அந்த ஆப்பிளின் வழிவந்தது என்று பலர் கருதுகிறார்கள்.

ஆவணங்கள் இதற்குப் பக்கத்தில் வருகின்றன. ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் அல்சாஸ் பகுதிதான் மையம். செலெஸ்டா நகரின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கிறிஸ்துமஸ் சமயத்தில் மரம் திருட்டுப் போகாமல் காவல் காத்த வனக்காவலர்களுக்கு 4 ஷில்லிங் கொடுத்த செலவு எழுதப்பட்டிருக்கிறது. மரம் வெட்டும் வழக்கம் அதற்குள் தொல்லையாகிவிட்டது என்று தெரிகிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்கைப் பார்த்த பெயர் தெரியாத ஒருவர், வீட்டு முன்னறையில் ஃபர் மரம் நிறுத்தி வண்ணக்காகித ரோஜா, ஆப்பிள், அப்பம், தங்கத்தாள், இனிப்பு ஆகியவற்றைத் தொங்கவிட்டதைக் குறித்துவைத்தார். அதே நகரின் லூத்தரன் இறையியலாளர் டான்ஹவர், அந்த நூற்றாண்டின் நடுவில், இந்தப் பொம்மைவிளையாட்டு எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை என்று சலித்துக்கொண்டார். லாட்வியாவின் ரீகா 1510ஐயும் எஸ்டோனியாவின் டாலின் 1441ஐயும் காட்டி உரிமை கோருகின்றன. அங்கே மணமாகாத வணிகர்களின் சங்கம் ஒரு மரத்தைச் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோய் ஆடிப்பாடியது என்பது செய்தி. அது இன்று நாம் சொல்லும் வீட்டு மரமா, வெறும் அலங்காரக் கம்பமா என்பதில் இரு நகரங்களுக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இது ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன்களின் உள்ளூர் வழக்கமாகத்தான் இருந்தது. உலகுக்கு எடுத்துச் சென்றது ஒரு படம். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டும் தாய்வழி உறவினரும் ஜெர்மானியர்கள். அரசியின் பாட்டி ஷார்லட் 1800இலேயே வின்ட்சரில் ஒரு யூ மரத்தைத் தொட்டியில் நிறுத்தியிருக்கிறார், ஊர் அதைப் பின்பற்றவில்லை. 1848 டிசம்பரில் ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ், மரத்தைச் சுற்றி அரசியும் ஆல்பர்ட்டும் குழந்தைகளும் நிற்கும் படத்தை அச்சிட்டதும் நிலைமை மாறியது. 1850இல் ஃபிலடெல்ஃபியாவின் பெண்கள் இதழொன்று அதே படத்தை எடுத்து, விக்டோரியாவின் மகுடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டு, ஓர் அமெரிக்கக் குடும்பம் ஆக்கிவிட்டது. இன்று நாம் காணும் ‘பாரம்பரிய’ கிறிஸ்துமஸ் மரம், அச்சு இயந்திரத்தின் பிள்ளை என்று சொன்னால் மிகையாகாது. 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளைக் கட்டினார். மெழுகுவத்தியால் வீடு பற்றிக்கொள்ளும் பயம் அதற்குப் பிறகுதான் மெல்ல நீங்கியது.

மரங்களும் மாறிவிட்டன. ஐரோப்பாவின் பழைய மரம் நார்வே ஸ்ப்ரூஸ். சூடேற்றிய அறையில் நிறுத்தினால் இரண்டு வாரத்தில் ஊசியிலைகளைக் கொட்டித் தரையெல்லாம் குத்தும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு 1947 முதல் ஆஸ்லோ நகரம் அனுப்பும் மரம் இன்றும் அதுதான், வெட்டவெளியில் நிற்பதால் பிழைத்துக்கொள்கிறது. வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தது நார்ட்மன் ஃபர். காக்கசஸ் மலைகளைச் சேர்ந்தது, இலை மென்மையானது, உதிராது. டென்மார்க் அதைப் பயிராக வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. இரண்டு மீட்டர் உயர்வதற்கு எட்டு முதல் பத்து ஆண்டுகள். விதைகள் பெரும்பாலும் ஜார்ஜியாவின் ராச்சா பகுதி, அம்ப்ரோலாவுரி வட்டாரக் காடுகளிலிருந்து வருகின்றன. கூம்புகள் மரத்தின் உச்சியில் காய்ப்பதால், முப்பது மீட்டர் உயரத்துக்கு ஆட்கள் ஏறிப் பறிக்கிறார்கள். அறுவடை முழுவதும் இலையுதிர் காலத்துச் சில வாரங்களில் முடிந்துவிடும்.

பிளாஸ்டிக் மரம் வந்த கதை தனிக் கட்டுரைக்குரியது. காடழிவுக்குப் பயந்த 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள் வாத்திறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி மரம் செய்தார்கள். 1930களில் கழிப்பறை பிரஷ் செய்த ஒரு நிறுவனம் அதே இயந்திரத்தால் மரம் பின்னியது. 1959 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அலுமினிய மரம் வந்து, சில ஆண்டுகளில் கேலிக்குள்ளாகி ஒழிந்தது. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் போட்ட கணக்கு ஒன்று உண்டு: இரண்டு மீட்டர் உண்மை மரத்தைக் குப்பைக்கிடங்கில் மட்கவிட்டால் சுமார் 16 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான பாதிப்பு, எரித்தாலோ துருவிப் பரப்பினாலோ 3.5 கிலோ, அதே உயரப் பிளாஸ்டிக் மரத்துக்கு 40 கிலோ. பிளாஸ்டிக் மரம் வாங்கியவர் பத்து ஆண்டுகளாவது அதை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால்தான் கணக்கு நேராகும்.

புல்லுருவிக்குக் கீழே முத்தம்

ஹோலி, ஐவி, மிசில்டோ என்னும் பச்சை மாறாத தாவரங்கள் மூன்றும் பிரிட்டிஷ் கிறிஸ்துமஸின் பழைய கூட்டாளிகள். ஃபர் மரம் அந்நாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இவை வந்துவிட்டன. 1598இல் லண்டன் நகரைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோ, கிறிஸ்துமஸுக்கு வீடுகளும் கோயில்களும் ஹோலியாலும் ஐவியாலும் அலங்கரிக்கப்படுவதைக் குறிக்கிறார். 1444இல் கார்ன்ஹில் பகுதியில் ஹோலியும் ஐவியும் ஆணியடித்து நட்டிருந்த கம்பம் ஒன்று புயலில் சாய்ந்ததையும் எழுதியிருக்கிறார். ரோமானியரும் டிசம்பர், ஜனவரிக் கொண்டாட்டங்களில் வாசலில் தழை கட்டினார்கள். கிறிஸ்தவர்களின் வாசலில் புறச்சமயத்தாரைவிட அதிக விளக்கும் லாரல் தழையும் தொங்குகிறதே என்று கி.பி. 200ஐ ஒட்டிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறைபட்டுக்கொண்டார். 6ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் பிராகா ஆயர் மார்ட்டின் தழை கட்டுவதைத் தடைசெய்தார். தடை ஒன்று இருக்கிறதென்றால் வழக்கமும் இருந்தது என்றுதான் பொருள்.

இவ்வளவு தொடர்ச்சி இருப்பதால், எல்லாமே மாறுவேடமிட்ட புறச்சமயம் என்று எழுதிவிடுகிறார்கள். மிசில்டோவை வைத்து இந்த வாதத்தைச் சோதிக்கலாம். ஓக் மரத்தில் தொற்றிய மிசில்டோவைத் துருயித் பூசாரிகள் பிறையின் ஆறாம் நாள் பொன்னரிவாளால் அறுத்து, இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிட்டார்கள் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். அவர் எழுதியதில் குளிர்காலமும் இல்லை, முத்தமும் இல்லை. மிசில்டோவுக்குக் கீழே நிற்கும் பெண்ணை முத்தமிடலாம், ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு காயைக் கிள்ள வேண்டும், காய் தீர்ந்தால் முத்தமும் தீர்ந்தது என்ற இங்கிலாந்து வழக்கத்துக்குச் சான்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் கிடைக்கிறது. இடையில் 1,700 ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த வெறுமைக்கு மேல் பாலம் கட்டுவது ஆசை, ஆராய்ச்சி அல்ல. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த ஆப்பிள் மரத்தில் பச்சையாகத் தெரியும் ஒரே பொருள் மிசில்டோ என்பதே அது வீட்டுக்குள் வரப் போதுமான காரணம்.

தமிழ் வாசகருக்கு மிசில்டோ அந்நியம் அல்ல. நம் மாமரத்தில் தொற்றி, தடித்த இலையும் குழல்போன்ற பூவுமாகக் கிளையையே உறிஞ்சும் புல்லுருவி அதன் நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே தாவர வரிசை, சந்தன மரமும் அதே வரிசைதான். சந்தனமும் பக்கத்து மரத்தின் வேரில் உறிஞ்சிப் பிழைப்பதை மறையூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பரவும் வழியும் ஒன்றே. ஐரோப்பாவில் மிசில் பாடும்பறவையும் பிளாக்கேப் என்ற குருவியும், இங்கே பூங்கொத்திக் குருவியும் ஒட்டும் சதையுள்ள பழத்தைத் தின்றுவிட்டு விதையை வேறு கிளையில் தேய்த்துவிடுகின்றன. நம் விவசாயி அதை வெட்டி எறிகிறார். இங்கிலாந்தின் டென்பரி வெல்ஸ் ஊரில் நூறாண்டுக்கு மேலாக நவம்பர், டிசம்பரில் கட்டுக்கட்டாக ஏலம் விடுகிறார்கள். அந்தப் பகுதியின் பழைய ஆப்பிள் தோப்புகள் குறைந்துகொண்டே வருவதால், அங்கே சில தோட்டக்காரர்கள் புல்லுருவிக்காகக் கவலைப்படுகிறார்கள் என்றால் நம்மூரில் நம்ப மாட்டார்கள்.

ஹோலியில் ஆண்மரம், பெண்மரம் வேறு. பனையைப் போலவே பெண்மரத்தில்தான் காய். சிவப்புக் காய் வேண்டி ஒற்றை மரத்தை வாங்கி வைத்து, ஆண்டுகள் காத்திருந்து ஏமாறுவோர் அங்கே உண்டு. அதன் முள்ளிலையைக் கிறிஸ்துவின் முள்முடிக்கும் காயைக் குருதிக்கும் உவமை சொல்வது வழக்கம். ஆனால் மரத்தின் உச்சியில் முள்ளே இல்லாத இலைகள்தான் அதிகம். மான்கள் மேயும் கிளைகளில் முள் கூடுகிறது, எட்டாத கிளைகளில் குறைகிறது. ஸ்பெயினில் நடந்த ஆய்வு, ஒரே மரத்தின் முள்ளிலைக்கும் முள்ளில்லா இலைக்கும் டி.என்.ஏ. எழுத்து ஒன்றாகவே இருக்க, அதன்மேல் படியும் வேதிக்குறிகள் மட்டும் மாறுவதைக் காட்டியது. ஐவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது எங்கும் ஏறும்.

சிவப்பு இலைக்கு இருட்டறை

பாயின்செட்டியாவுக்கு வந்தால் கதை வேகமெடுக்கிறது. மெக்சிகோவின் பசிபிக் பக்கத்து மலைச்சரிவுகளில் மூன்று நான்கு மீட்டர் உயரக் குறுமரமாக வளரும் செடி இது. நஹுவாட்ல் மொழி பேசிய மக்கள் இதை ‘குயெட்லஷோசிட்ல்’ என்று அழைத்தார்கள், சாயத்துக்கும் மருந்துக்கும் பயன்படுத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் டாஸ்கோ நகரின் பிரான்சிஸ்கன் துறவிகள், டிசம்பரில் தானாகச் சிவக்கும் இந்தச் செடியைத் தங்கள் கிறிஸ்து பிறப்புப் பவனியில் சேர்த்துக்கொண்டார்கள். காணிக்கைக்கு வழியில்லாத ஏழைச் சிறுமி களைச்செடிகளைப் பீடத்தில் வைக்க அவை சிவந்தன என்ற கதை மெக்சிகோவில் பரவலாக வழங்குகிறது. தேதியும் செடியும் பொருந்தியதும் புனிதக் கதை பிறப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மெக்சிகோவுக்கு அமெரிக்காவின் முதல் தூதராக 1825இல் போன ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட், செடியைத் தென் கரோலினாவுக்கு அனுப்பினார். 1829இல் ஃபிலடெல்ஃபியா மலர்க் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. மெக்சிகோவின் உள்விவகாரத்தில் மூக்கை நுழைத்து வெளியேற்றப்பட்டவர் அவர், அடிமைகளை வைத்திருந்தவர். பின்னாளில் போர்த்துறைச் செயலராகி, செரோக்கி மக்களைத் தங்கள் மண்ணிலிருந்து பெயர்த்துத் துரத்திய நடவடிக்கையின்போது பதவியில் இருந்தவர். ஆண்டுதோறும் டிசம்பர் 12, அவர் இறந்த நாள், அமெரிக்காவில் பாயின்செட்டியா நாள். செடியின் சொந்தக்காரர்கள் இதை ரசிப்பதில்லை.

சிவப்பாகத் தெரிவது பூ அல்ல, இலை. நடுவில் மஞ்சள் மணிகளாக இருப்பவைதான் பூ. இது கள்ளிச் சாதி. கிளையை ஒடித்தால் பால் வடியும். நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, வாசலில் முளைக்கும் அம்மான் பச்சரிசி எல்லாம் இதன் பேரினத்தைச் சேர்ந்தவை. கள்ளிப்பால் என்றதும் நம் நினைவுக்கு வரும் கொடுமையால் இதையும் கொடிய நஞ்சு என்று எண்ணத் தோன்றும். அமெரிக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1919இல் ஹவாயில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்ததாகக் கிளம்பிய வதந்தி காரணம். நச்சு மையங்களில் பதிவான 22,793 நிகழ்வுகளை ஆராய்ந்த 1996ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு மரணமும் இல்லை. தோலில் அரிப்பும் வயிற்றுப் புரட்டலும் வரலாம், அவ்வளவே.

செடி சிவப்பதற்கு நீண்ட, இடையறாத இருட்டு வேண்டும். இரவு ஏறத்தாழ 14 மணி நேரம், எட்டுப் பத்து வாரம். நடுவில் தெருவிளக்கு வெளிச்சம் பட்டாலும் குழப்பம். மெக்சிகோவில் இலையுதிர் காலத்து இரவுகள் அந்த வேலையைத் தாமே செய்தன. தோட்டக்கலைக்காரர்கள் கண்ணாடிக் கூடத்தில் மாலைதோறும் கறுப்புத் துணி இழுத்துச் செய்கிறார்கள். கலிபோர்னியாவின் எக்கே குடும்பம்தான் இந்தக் காட்டுச்செடியை மேசைச் செடியாக்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவோரக் கடையில் தண்டுகளாக விற்றவர்கள், பிறகு என்சினிட்டஸில் பண்ணை போட்டு, தொலைக்காட்சி வந்த காலத்தில் நிகழ்ச்சி மேடைகளுக்கு இலவசமாகச் செடிகளை அனுப்பி, நாடு முழுவதும் டிசம்பர் என்றால் பாயின்செட்டியா என்று ஆக்கினார்கள். அவர்கள் செடி மட்டும் குட்டையாக, பல கிளை விட்டு அடர்த்தியாக இருந்தது. ஒட்டுக்கட்டும் முறையில் ரகசியம் ஒளிந்திருந்தது. 1997இல் அதன் காரணம் வெளியானது: ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர்த் தொற்று. நம் கத்தரித் தோட்டத்தில் சிற்றிலை நோயை உண்டாக்கிச் செடியைப் புதராக்கிக் காய்க்கவிடாமல் செய்வதும் ஒரு ஃபைட்டோபிளாஸ்மாதான். அங்கே நோய், இங்கே அழகு. கடையில் விற்கும் ஒவ்வொரு கச்சிதமான பாயின்செட்டியாவும் நோயுற்ற செடி என்பதைப் படிக்கும்போது, அழகு பற்றிய நம் தீர்ப்புகள்மேல் கொஞ்சம் சந்தேகம் வராமல் போகாது.

இதே இருட்டுக் கணக்கில் வாழும் இன்னொரு செடி கிறிஸ்துமஸ் கள்ளி. தென்கிழக்குப் பிரேசிலின் ஈர மலைக்காட்டில் மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வளர்வது. பாலைவனத்தைப் பார்த்தே இராது. ஐரோப்பாவில் இரவு நீளும் நவம்பர், டிசம்பரில் பூக்கிறது. சொந்த ஊரான பிரேசிலில் இரவு நீள்வது ஏப்ரல், மே மாதங்களில், அங்கே அதற்குப் பேர் மே மாதப் பூ. கரீபியத் தீவுகளில் கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சும் சிவப்புப் பானமும் இப்படித்தான். ‘சோரல்’ என்று அவர்கள் சொல்வது புளிச்சக்கீரை இனத்துச் செடியின் தடித்த சிவப்புப் புல்லி இதழ். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகத்தோடு வந்த பயிர், பகல் குறுகினால் பூக்கும், டிசம்பரில் பறிப்புக்கு வரும். இஞ்சியும் ரம்மும் சேர்த்து ஜமைக்காவில் குடிக்கிறார்கள்.

கோடையில் வரும் கிறிஸ்துமஸ்

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போன குடியேறிகளுக்கு டிசம்பர் கொளுத்தும் கோடை. ஃபர் மரமில்லை, பனியில்லை. ஆனால் நியூசிலாந்தின் கடலோரப் பாறைகளில் போஹுட்டுகாவா மரம் சரியாக அந்த நாட்களில் செங்குச்சமாகப் பூத்து நின்றது. 19ஆம் நூற்றாண்டிலேயே அதைக் குடியேறிகளின் கிறிஸ்துமஸ் மரம் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். மாவோரிகளுக்கு அது அதற்கு முன்பே புனிதம். நாட்டின் வடமுனையில் பாறையில் தொங்கும் ஒரு போஹுட்டுகாவாவின் வேர்வழியே இறந்தோரின் ஆவி இறங்கிப் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த போசம் விலங்கு தளிரைத் தின்று மரங்களைக் காயவைத்ததால், 1990இல் அதைக் காக்கத் தனி இயக்கமே பிறந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் மரம் இன்னும் விசித்திரம். நுயிட்சியா, பத்து மீட்டர் வரை எழுந்து, டிசம்பரில் ஆரஞ்சு நிறத்தில் எரியும் மரம். தனித்து நிற்பதாகத் தோன்றும், உண்மையில் அது தரையில் வேர்விட்ட புல்லுருவி, நம் மாமரத்துப் புல்லுருவியின் அதே குடும்பம். பக்கத்துப் புல், செடி, எதன் வேரையும் வளையம் போட்டு உள்ளிருக்கும் கத்திபோன்ற உறுப்பால் அறுத்து உறிஞ்சுகிறது. மண்ணில் புதைத்த தொலைபேசிக் கம்பியையும் வேர் என்று எண்ணி அறுத்திருக்கிறது. அப்பகுதியின் நூங்கார் மக்கள் அதை முன்னோரின் ஆவி தங்கும் மரமாகக் கருதுகிறார்கள். ஐரோப்பாவில் கூரையில் தொங்கும் ஒட்டுண்ணி, பெர்த் நகருக்கு வெளியே மரமாகவே நின்று கிறிஸ்துமஸ் பெயரை வாங்கிக்கொண்டது. இரண்டையும் கிறிஸ்துமஸோடு சேர்த்தது டிசம்பரில் கண்ணில் பட்டது மட்டும்தான்.

சவுக்கும் அரக்கேரியாவும்

தமிழ்நாட்டுக்கு இந்த விதி பொருந்தவில்லை. வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பரில் இங்கே பச்சைக்குப் பஞ்சமில்லை, எதைப் பார்த்தாலும் பச்சை. பருவம் எந்த மரத்தையும் முன்னே தள்ளவில்லை. எனவே இங்கே வந்தது வடிவம். வாழ்த்து அட்டையில் பார்த்த கூம்பு உருவத்துக்கு எது பக்கமாக இருக்கிறதோ அதைத் தேடினார்கள். இந்தியக் கிறிஸ்தவர்கள் மாமரத்தையும் வாழையையும் அலங்கரிக்கிறார்கள் என்று ஆங்கில இதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. கடலோர மாவட்டங்களில் பிறந்த யாரும் சவுக்கைத்தான் சொல்வார்கள்.

சவுக்கும் உள்ளூர் மரம் அல்ல. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியக் கடற்கரையைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டிச் சென்னை மாகாணக் கடற்கரையில் தோப்புத் தோப்பாக நட்டார்கள். ஊசியிலை மரம்போல் தெரிந்தாலும் அது பூக்கும் தாவரம். ஊசி என்று நாம் நினைப்பது மெல்லிய பச்சைக் கிளை, உண்மையான இலைகள் கணுக்களில் செதில்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன. கணுவில் பிரித்து மறுபடி செருகி, ‘எங்கே ஒடிந்தது சொல்’ என்று பிள்ளைகள் விளையாடுவது அதனால்தான். பந்தலுக்கும் சாரத்துக்கும் கழி போக, மிஞ்சும் மிளாறும் நுனிக்கிளையும் விலையில்லாப் பொருள். அதில் ஒன்றை மண்தொட்டியில் நட்டு, பஞ்சைப் பனியாக ஒட்டி, சீரியல் விளக்கு சுற்றினால் மரம் தயார். ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருவிழா முடிந்ததும் அடுப்புக்குப் போகும். கார்பன் டிரஸ்ட் கணக்கில் இது சேரவில்லை, சேர்த்திருந்தால் மேலே சொன்ன எல்லா மரங்களையும் தோற்கடித்திருக்கும் என்பது என் ஊகம்.

நகரத்து நாற்றுப்பண்ணைகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று கேட்டால் கையில் கொடுப்பது அரக்கேரியா. அடுக்கடுக்காகக் கிளை விரித்து, அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். நார்ஃபோக் தீவு மரம் என்று சொல்லி விற்றாலும், பெரும்பாலும் அது அதன் தங்கையான நியூ கலிடோனிய அரக்கேரியா. இரண்டு தீவுகளையும் ஐரோப்பியரின் வரைபடத்தில் ஏற்றியது கேப்டன் குக்கின் 1774ஆம் ஆண்டுப் பயணம். கப்பல் பாய்மரத் தண்டுக்கு ஆகும் என்றுதான் அவர் கண் அதன்மேல் விழுந்தது. தொட்டியில் மூன்றடி இருக்கும் கன்று, தரையில் வைத்தால் நாற்பது ஐம்பது மீட்டர் போகக்கூடியது என்பதை விற்பவர் சொல்வதில்லை. இன்னொரு குணமும் உண்டு. 2017இல் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்தவர்கள், நியூ கலிடோனிய அரக்கேரியா எங்கே வளர்ந்தாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது என்று கண்டார்கள். சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி, பைசா கோபுரத்தைவிட இரு மடங்கு. நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடும். தமிழ்நாட்டில் அதிகம் தெரியாது.

மரத்தைவிடத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பழகியது குடில். 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரெச்சோவில் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். குடிலுக்குப் புல்தரை வேண்டும் என்று டிசம்பர் நடுவிலேயே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகையோ கம்பையோ விதைத்துவிடுவார்கள். பத்து நாளில் விரற்கடை உயரப் புல். பிரான்சின் புரோவான்ஸில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் கோதுமையைத் தட்டில் முளைக்கவிட்டு, கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கிறார்கள், குரோவேஷியாவில் 13ஆம் தேதி புனித லூசியாவுக்கு அதே சடங்கு. நம் பக்கம் இதற்கு வெளிநாட்டு முன்மாதிரி தேட வேண்டியதில்லை, முளைப்பாரி வளர்த்துப் பழகிய கைகள்தான் அவை. சில பெந்தெகொஸ்தே சபைகள் எரேமியாவின் பத்தாம் அதிகாரத்தைக் காட்டி மரத்தை விக்கிரகம் என்று ஒதுக்குகின்றன. அந்த அதிகாரம் பேசுவது மரத்தைச் செதுக்கிச் சிலை செய்வதைப் பற்றி. எப்படியிருந்தாலும் கேழ்வரகுப் புல்லை யாரும் கண்டித்ததாகத் தெரியவில்லை.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரப் பாயின்செட்டியா யாரும் துணி போர்த்தாமலே டிசம்பரில் சிவக்கிறது. சமவெளியில் அதே வாரங்களில் பூப்பது டிசம்பர் பூ, ஊதாவிலும் வெள்ளையிலும். பூக்கும் மாதத்தையே பெயராகக் கொண்ட செடி, இந்த மண்ணுக்குரியது, பூக்கும் காலம் பிசகாது, குச்சி ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பியர் கையாண்ட அளவுகோலை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் கிறிஸ்துமஸ் செடி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. மார்கழியில் அதை எல்லா வீட்டுப் பெண்களும் சூடுகிறார்கள், ஒரு பண்டிகைக்கென்று ஒதுக்கிவைக்க யாருக்கும் தோன்றியதில்லை.